நாற்பது கொண்டை ஊசிக்கு மேலே ஒரு சர்வர்

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த மலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பெட்டியில் பாதியை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்து என்ன ஆகப்போகிறது? ஸ்வெட்டரும் வாங்கவில்லை. தூத்துக்குடிக்காரிக்கு ஸ்வெட்டர் எதற்கு? நாளைக்கே கீழே இறங்கினால் அதை மாட்டிக்கொண்டு உப்பளத்திலா உலாத்துவது? இரண்டு சுடிதாரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்கிறேன்.

இன்று எங்கள் ஆஸ்பத்திரியை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் ரத்தினசபாபதி ஐயா மேலே வந்தார். ஸ்கேன் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மாடு பிடிக்க வந்த தரகர் மாதிரி.

"இதப் பாருங்க மாரி, படம் எடுக்க நீங்க இருக்கீங்க. படத்தைப் பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர் ஜூன்லயே கீழ போயிட்டார். இந்தக் குளிருக்கு வேற யாரும் வரமாட்டேங்கிறாங்க. தீபாவளி வரைக்கும் பாப்போம். நோயாளி பெட்ல படுத்திருக்கும்போதே ரிப்போர்ட் கையில கெடைக்கணும். இல்லேன்னா மெஷினைப் பொள்ளாச்சி கிளைக்கு இறக்கிடுறதுன்னு கமிட்டில முடிவாயிருச்சு."

"அப்ப நான்?"

"நீங்களும் மெஷின் கூடவே இறங்கிக்கலாம். வெயில் ஊரு, உங்களுக்கு ஒத்துக்கும்."

நல்லது. இறங்கட்டும். எனக்கென்ன வந்தது? அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்பாடா, சாமி கண்ணத் தொறந்துச்சு" என்றாள். சாயங்காலம் முழுக்க மனசு சரியில்லை. மழைதான் காரணம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலில் அட்டை. ஜெபக்கனி உப்பு வைத்துத் தள்ளிவிட்டாள். நர்ஸ் வேலையைவிட அட்டை எடுக்கும் வேலைதான் அவளுக்கு அதிகம்.

சரோஜா என்ற தேயிலை பறிக்கும் பெண் சரிவில் வழுக்கித் தலையில் அடிபட்டு வந்தாள். படம் எடுத்தேன். ரிப்போர்ட் எழுத ஆள் இல்லை. படத்தை சிடியில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் மறுநாள்தான் கோயம்புத்தூரிலிருந்து பதில் வரும். டியூட்டி டாக்டர் இளம்பரிதிக்கு அதுவரை பொறுத்திருக்கத் தைரியம் இல்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. "எதுக்கும் கீழ அனுப்பிடுவோம் மேடம்" என்றார்.

டிரைவர் கோட்டைச்சாமி கொண்டுபோனார். இந்த ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸும் அவர் பொறுப்பு, ஜெனரேட்டரும் அவர் பொறுப்பு. எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆள். எல்லாரும் அவரைக் கோட்டை அண்ணே என்கிறார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறேன். அதுதான் மரியாதை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோட்டைச்சாமி காலையில் திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாப்பது வளைவுலயும் அந்தப் புள்ள வாந்தி எடுத்துச்சு மேடம். கடைசில பாத்தா மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. தொணைக்கு ஆளு இல்லாம இப்ப பஸ்ஸுல ஏறித் திரும்பி வருது. நீங்க எடுத்த படமே அத சொல்லியிருக்குமில்ல?"

"சொல்லியிருக்கும். சொல்றத கேக்கதுக்குத்தான் ஆளு இல்ல."

எரிச்சலில் கோயம்புத்தூருக்கு போன் போட்டேன். நம் சிடிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் பூங்கோதைக்கு. சிடி ஊர்வலம் போதும், நெட் வழியாக அனுப்பினால் பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"தாராளமா பாக்கலாமுங்க. ஆனா படம் ரொம்பப் பெருசு, மெயில்ல எல்லாம் வராதுங்க. எங்க சென்டர் கம்ப்யூட்டர்ல வெளி ஆளுக்குக் கதவு தொறக்க மாட்டாங்க. நீங்க அங்க ஒரு சர்வர் வச்சு, கோப்பு போட, எடுக்க வழி பண்ணிக் குடுங்க. நான் எங்கிருந்தாலும் உள்ள வந்து படத்தை எடுத்துக்கறேன், ரிப்போர்ட்டையும் அங்கயே வச்சுட்டுப் போறேன்."

சர்வர். எனக்கு. வீட்டு டிவி ரிமோட்டையே அம்மாதான் எனக்குச் சொல்லித் தருவாள்.

செப்டம்பர் 1, திங்கள்

ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கினேன். கோட்டைச்சாமி தோளில் வைத்துத் தூக்கிவந்து, ஸ்கேன் அறையில் என் மேஜை மேல் இறக்கி, உள்ளே இருந்த எட்டுக்கால்பூச்சிக் குடும்பத்தை வெளியேற்றினார். இலவசமாகக் கிடைக்கும் சர்வர் மென்பொருளை இறக்கியிருக்கிறேன். அதைப் பற்றி நெட்டில் கிடைப்பதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டு வேளையில்கூட விடாமல் படிக்கிறேன். கண் எரிகிறது.

இதெல்லாம் மெஷினுக்காக இல்லை. அந்த சரோஜா பஸ்ஸில் தனியாகத் திரும்பிவந்ததை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

வேலை செய்கிறது! சர்வர் ஓடுகிறது! ஸ்கேன் அறையின் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைந்தேன், ஒரு படத்தை இறக்கினேன், இன்னொன்றை ஏற்றினேன். ஜெபக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேன்டீனில் சொல்லி எல்லாருக்கும் கேசரி.

டாக்டருக்கென்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்க வேண்டும். யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டுமாம். அப்படியே ஒன்று வைத்தேன். அதை டைரியிலும் எழுத மாட்டேன். டாக்டருக்கு மெசேஜில் அனுப்பிவிட்டு என் போனில் அழித்தேன். "இது என்னங்க, சாமி பேருங்களா?" என்று பதில் வந்தது. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

கேசரி வீண். டாக்டரால் உள்ளே வரவே முடியவில்லை. நான் கொடுத்த முகவரி ஆஸ்பத்திரிக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரியாம். மூன்றாம் வார்டு, நான்காம் பெட் என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அந்தக் கூத்துதான் பண்ணியிருக்கிறேன். ஒரே கட்டடத்துக்குள் உட்கார்ந்து சோதித்துவிட்டு ஊருக்கே கேசரி போட்ட முதல் ஆள் நான்தான்.

ஜெபக்கனி கேசரியைத் திருப்பித் தர முடியாது என்றாள்.

செப்டம்பர் 11, வியாழன்

வெளி முகவரியைக் கண்டுபிடித்தேன். நெட் இணைப்புக்கான ரௌட்டர் பெட்டியில் வாசல் திறந்துவிட்டேன். டாக்டர் உள்ளே வந்துவிட்டார், ஆனால் கோப்புகள் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசல் ஒன்று போதாதாம். பேசுவதற்கு ஒரு வாசல், சாமான் போவதற்கு வேறு சில வாசல்கள். அதையும் திறந்தேன். இப்போது தெரிந்தது, படம் இறங்கியது, ரிப்போர்ட்டை வைக்க முடியவில்லை. எழுதும் அனுமதி கொடுக்க மறந்திருக்கிறேன்.

"ஏனுங்க மாரி, விருந்துக்குக் கூப்பிட்டுட்டு உக்கார வேண்டாம்னா எப்படீங்க?" என்று டாக்டர் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வந்த பிறகு இப்படி வாய்விட்டுச் சிரித்த ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் ரிப்போர்ட் வந்தது. நோயாளி பெட்டில் படுத்திருக்கும்போதே. மார்புச் சளி, பயப்பட ஒன்றுமில்லை. காகிதத்தை அச்செடுத்துக் கொடுத்தபோது இளம்பரிதி அதை இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

கேசரி போடவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வந்த நிம்மதி இரண்டு நாள் தங்கவில்லை. இங்கே மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ரௌட்டர் அணையும், மறுபடி எழுந்தால் வெளி முகவரி மாறியிருக்கும். ஒவ்வொரு தடவையும் புது எண்களை டாக்டருக்குப் போனில் படிக்க வேண்டும். மாறாத முகவரி வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கமிட்டி கூடணுமாம். செல்போன் டவர் வேறு மழைக்குப் படுத்துக்கொள்கிறது. அவசரப் பிரிவுச் சுவரில் தொங்கும் பழைய போன் ஒன்றுதான் எப்போதும் உயிரோடு இருப்பது. அதிலும் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும்.

கோட்டைச்சாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கரண்ட் போகாம பாத்துக்கிட்டா போதுமா மேடம்?" என்றார். மத்தியானம் ஒரு இன்வெர்ட்டரும் பழைய வண்டி பேட்டரியும் கொண்டுவந்து மேஜைக்கடியில் பொருத்திவிட்டார்.

"நாங்க பூராம் இங்கதான மேடம் விழுந்து எந்திரிக்கிறோம். மெஷின் போயிருச்சுன்னா நான் வண்டி ஓட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். போகும்போது, "உங்களுக்கு என்ன, கீழ போனா சந்தோஷம்தான்" என்று வேறு.

எனக்கென்னவோ கோபமாக வந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெரிய படம் ஒன்று பாதி போகையில் லைனே அறுந்தது. யானை கம்பத்தைச் சாய்த்துவிட்டதாம். ஆள் வந்து சரிபண்ணிய பிறகு மறுபடி முதலிலிருந்தா என்று தலையில் கைவைத்தேன். டாக்டர் பக்கத்து மென்பொருள் "மேலே எழுதவா, விட்ட இடத்திலிருந்து தொடரவா" என்று கேட்டதாம். தொடரச் சொன்னாராம். மிச்சம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு இது ரொம்பப் பிடித்தது. கல்யாணம் முறிந்து நான் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தபோது, இனி எல்லாம் முதலிலிருந்துதான் என்று ஊரே சொன்னது. சரி, அது எதற்கு இப்போது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களில் ஒன்றுகூட பஸ் ஏறவில்லை. செயலாளர் பதினேழாம் தேதி வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை ஒரு தடங்கலும் வரக் கூடாது. மாரியம்மா, பார்த்துக்கொள்.

அக்டோபர் 1, புதன், காலை

சாமான்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. ஸ்கேன் மெஷினுக்கு ஓட்டத்திலேயே சந்தனம் வைத்தேன், அதை அணைக்க முடியாது. ஆனால் இந்த சர்வர் பாவம் ஒரு மாதமாகத் தூங்கவே இல்லை. அதற்கு இன்று ஓய்வு. முறையாக அணைத்து, ரௌட்டரையும் அணைத்து, பேட்டரியையும் கழற்றி, மூன்றையும் வரிசையாக வைத்து, சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். பொரி, கடலை, அவல் படையல். சூடம் காட்டியபோது கண் கலங்கியது. புகை.

நாளைக் காலை மறுபூஜை போட்டுப் பூ எடுக்கிறவரை ஒருத்தரும் தொடக் கூடாது என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன். விடுமுறை நாள், யார் வரப்போகிறார்கள்? கோட்டைச்சாமி வெளியே ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரமாக ஒரே கதவைத் துடைக்கிறார்.

அக்டோபர் 2, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. குளிர் என்று எழுதலாம். இன்று குளிர் இல்லை.

நேற்று மத்தியானம் ஆம்புலன்ஸின் மேலே வாழைக்கன்று கட்ட ஏறியவர், ஈரத்தில் கால் வழுக்கி, பின்மண்டை சிமெண்டுத் தரையில் படும்படி விழுந்தார். கோட்டைச்சாமி. தேங்காய் உடைத்த சத்தம் என்றுதான் நான் உள்ளேயிருந்து நினைத்தேன். ஜெபக்கனி அலறிய பிறகுதான் ஓடினேன்.

நினைவு இருந்தது. காதோரம் ரத்தம். அவசரப் பிரிவில் படுக்கவைத்ததும் ஒரு முறை வாந்தி எடுத்தார். இளம்பரிதி முகம் வெளிறிப்போனார். "உள்ள ரத்தம் கட்டியிருந்தா உடனே கீழ கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணணும். கட்டலேன்னா அசைக்கவே கூடாது. எதுன்னு தெரியணும் மேடம்."

கீழே கொண்டுபோக டிரைவர் யார்? அந்த டிரைவர்தானே படுத்திருக்கிறார். எஸ்டேட்டிலிருந்து வேறு ஆள் வரவழைத்தாலும் வெளியே பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி.

படம் எடுத்தேன். எத்தனை பேரை அந்த மெஷினுக்குள் அனுப்பியிருக்கிறேன், "அசையாம படுங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நேற்று அந்த இரண்டு வார்த்தையை மூன்று தடவை தொடங்கித்தான் முடித்தேன்.

படம் எடுத்து முடித்துத் திரும்பினேன். மேஜை மேல் சர்வர் சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது, அணைந்து.

அடிப்பாவி மாரி! ஒரு மாதம் ராப்பகலாக ஓடவைத்ததை, வேண்டிய அன்றைக்குப் பார்த்துத் தூங்கவைத்திருக்கிறாய். உலகத்தில் எவளாவது சர்வருக்கு லீவு விடுவாளா?

மாலையைப் பிடுங்கினேன். பின்னால் வந்த ஜெபக்கனி, "மேடம், பூஜையில வச்சத தொடக் கூடாதுன்னு..." என்று இழுத்தாள்.

"சொன்னது நான்தாம்ட்டி. தள்ளு!"

பவர் பட்டனை அமுக்கினால் அமுங்கவில்லை. அழகு பார்த்து அதன் மேலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறேன், காய்ந்து இறுகிவிட்டது. கொண்டை ஊசியைப் பிடுங்கிச் சுரண்டினேன். எழுந்தது. ரௌட்டர் எழுந்தது. வெளி முகவரி மாறியிருந்தது. எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு படத்தை டாக்டரின் கோப்புறையில் போட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினேன். செல்போன் டவர் படுத்திருந்தது. சுவர் போன்தான் கதி.

டாக்டர் பூங்கோதை வீட்டில் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். பின்னால் யாரோ பாடும் சத்தம். "லேப்டாப் எடுத்துட்டேனுங்க, முகவரி சொல்லுங்க" என்றார். சொன்னேன். "வந்துருச்சு. பாஸ்வேர்டு கேக்குதுங்க."

"உங்களுக்கு அனுப்பியிருந்தேனே டாக்டர்."

"அது சென்டர் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்குதுங்க. இது வீட்டு லேப்டாப். மெசேஜ் பழைய போனோட போயிருச்சு. சொல்லுங்க, அடிக்கறேன்."

சுவர் போன். பக்கத்தில் இளம்பரிதி. கதவருகே ஜெபக்கனி, வாட்ச்மேன், கேன்டீன்காரர், வாழைக்கன்றுக்கு வந்திருந்த எஸ்டேட் ஆட்கள் பத்துப் பேர். மூன்றடி தள்ளி ஸ்ட்ரெச்சரில், கண் திறந்தபடி, அவர்.

"சாமி பேருன்னு சொன்னேன்ல டாக்டர்..." என்று மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கலீங்க! பாட்டுச் சத்தம்! ஒவ்வொரு எழுத்தா, சத்தமா சொல்லுங்க!"

நேரம் போகிறது. என் மானம் பெரிதா? கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "கே! கேரளா கே! ஓ! டி! இன்னொரு டி! ஏ! ஐ!"

ஜெபக்கனியின் உதடு எழுத்துக்கு எழுத்து அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"எஸ்! ஏ! எம்! ஒய்! கடைசில நாப்பது! எண்ணுல நாப்பது!"

"நாப்பது எதுக்குங்க?"

"வளைவு டாக்டர்! மலை வளைவு! அடிங்க சீக்கிரம்!"

உள்ளே வந்துவிட்டார். படம் இறங்கத் தொடங்கியது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாதிக்கு மேல் போயிருக்கும், விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போடுகிறவரும் ஸ்ட்ரெச்சரில்தான். பேட்டரியோ பொட்டு வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறது. அதையும் கழற்றியது நானேதான்.

ஓடப்போனவளை ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் நிறுத்தியது. "மேடம். செவப்பு வயரு மொதல்ல. அப்புறம் கருப்பு. பதறாதீங்க."

"நீங்க பேசாம கெடங்க!" என்று கத்திவிட்டு ஓடினேன். சிவப்பு முதலில், பிறகு கருப்பு. சர்வரும் ரௌட்டரும் எழுந்தன. முகவரி மறுபடி மாறியிருந்தது. மறுபடி உள்ளங்கை, மறுபடி சுவர் போன்.

"மாரி, மேல எழுதவா, தொடரவான்னு கேக்குதுங்க."

"தொடரட்டும் டாக்டர்! தொடரட்டும்!"

அப்புறம் காத்திருந்தோம். போனை நான் வைக்கவே இல்லை. அந்தப் பக்கம் பாட்டு நின்றிருந்தது. டாக்டர் மூச்சு விடுவது கேட்டது. நான் சாமி கும்பிட்டேனா என்று தெரியவில்லை, சந்தனக் கையோடு போனைப் பிடித்திருந்தேன்.

"பாத்துட்டேன் மாரி. எலும்புல மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். உள்ள ரத்தக் கசிவு இல்லீங்க. மலை எறக்காதீங்க, அந்தக் குலுக்கலே கெடுதல். ராத்திரி பூராம் பக்கத்துல ஆள் இருந்து பாக்கணும். நாளைக்கு மறுபடி ஒரு படம். ரிப்போர்ட்டை உங்க சர்வர்லயே வச்சுட்டேனுங்க."

இளம்பரிதி போனை வாங்கிக்கொண்டார். நான் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல், ஓவென்று அழுதேன்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து, "மேடம், டாக்டரம்மாவுக்கு என் பேரு எதுக்கு?" என்று கேட்டது.

"தலையில அடிபட்டவங்க பேசக் கூடாது" என்றேன்.

இன்று எடுத்த படமும் நன்றாக இருக்கிறது. ரத்தக் கசிவு இல்லை.

அக்டோபர் 4, சனி

பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும். இன்று நேரமில்லை.

கேன்டீனில் டீ கேட்டால், "எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க மேடம்" என்கிறார்கள். விளங்குமா இந்த ஊர்?

ஜெபக்கனி என்னைக் குடைந்து எடுக்கிறாள். யாரும் ஊகிக்க முடியாத வார்த்தையாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்தேன், வேறு ஒன்றும் இல்லை என்றேன். "எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும் மேடம், பாஸ்வேர்டுதான் தெரியாது" என்கிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

கோட்டைச்சாமி எழுந்து நடக்கிறார். வண்டி எடுக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். எதிரில் வந்தால் நான் வேறு வராந்தா வழியாகப் போய்விடுகிறேன். எனக்கு வேலை இருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றவில்லை. நாளைக்கு.

அக்டோபர் 14, செவ்வாய்

சர்வரைப் பார்க்கும்போது டாக்டரின் கோப்புறையில் இரண்டு படங்கள் கிடந்தன. ஸ்கேன் இல்லை. கடைவீதி ஜவுளிக்கடையில் எடுத்த போட்டோ. ஒன்றில் அரக்கு ஸ்வெட்டர், இன்னொன்றில் நீல ஸ்வெட்டர். ஒரு வார்த்தையும் இல்லை. ஏற்றிய இடம் நர்ஸ்கள் அறைக் கம்ப்யூட்டர் என்று பதிவேடு சொல்கிறது. ஜெபக்கனி சொல்லிக்கொடுத்திருக்கிறாள், வேறு யார்?

ஆஸ்பத்திரி சர்வரில் சொந்த விஷயமா? எவ்வளவு பெரிய தப்பு! கடுமையாகக் கண்டிக்க வேண்டும்.

நீலத்தை அழித்தேன். அரக்கை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

என் நாற்காலியில் அரக்கு ஸ்வெட்டர் மாட்டியிருந்தது. அளவு சரியாக இருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்கத்தான் போனேன். ஜெனரேட்டர் அறையில் கோட்டைச்சாமி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கீழ போறப்ப இதைத் தூக்கிட்டுப் போகணுமேன்னு யோசிக்கிறீங்களா மேடம்?" என்றார்.

"நான் கீழ போறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"நீங்கதான். வந்த நாள்லருந்து."

"சொன்னா நம்பிருவீங்களோ?" என்றேன். "இனிமே மேடம்னு கூப்பிடாதீங்க. மாரின்னு சொல்லுங்க."

அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அதற்குள் யாரோ டியூப் லைட் எரியவில்லை என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

செயலாளர் வந்தார். சர்வரைக் காட்டினேன். ஆயுத பூஜை அன்று அணைத்துவைத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பொள்ளாச்சி வரை தெரிந்திருக்கிறது. "மெஷின் மேலயே இருக்கட்டும். மாறாத முகவரிக்கும் கமிட்டில கையெழுத்து ஆயிருச்சு. ஆனா அடுத்த வருஷம் சர்வருக்குப் பொட்டு மட்டும் போதும்மா, தூங்க வைக்க வேண்டாம்" என்றார். பிறகு, "உங்களுக்குக் கீழ மாத்தல் வேணும்னா சொல்லுங்க, வேற ஆள் பாக்கலாம்" என்றார்.

"பெட்டியெல்லாம் பிரிச்சாச்சுங்கய்யா, மறுபடி யாரு கட்டுறது?" என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா போனில் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, கடைசியில் "அந்தப் பையன் என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டாள். நாற்பத்தொரு வயதுப் பையன்.

இன்று பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். பழையதன் முன்னால் என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். டாக்டருக்குச் சுவர் போனில்தான் சொன்னேன், எழுத்து எழுத்தாக, சத்தமாக. கோட்டைச்சாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க மாரி, இம்புட்டு நீளமா வச்சா எப்படீங்க அடிக்கறது?"

"நீளமா இருந்தாத்தான் டாக்டர் பாதுகாப்பு" என்றேன்.